ஓசூர் கடிகாரமும் கிருஷ்ணகிரி கடிகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார அறிவியல் பக்கத்தில் வந்த ‘மேலே போனால் காலம் வேகம்’ கட்டுரை, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் எடுத்துக்காட்டாக வைத்து, உயரமான இடத்தில் கடிகாரம் மிகச் சற்று வேகமாக ஓடும் என்னும் ஈர்ப்புக் கால நீட்சியை விளக்கியது. நம் பகுதி மாணவர்களுக்குத் தெரிந்த ஊர்களைக் கொண்டு சொன்னதற்கு நன்றி. ஆனால் அதில் சில இடங்கள் திருத்தப்பட வேண்டும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைப் பார்த்துப் படம் வரையும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

‘உயரத்தில் ஈர்ப்பு விசை குறைவு, அதனால் கடிகாரம் வேகமாக ஓடுகிறது’ என்று கட்டுரை சொல்வது உண்மையான காரணம் அல்ல. விசையின் அளவு இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை. ஒரு கிலோ பொருளைக் கீழிருந்து மேலே கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதுதான் வருகிறது, அதாவது ஈர்ப்பு நிலை ஆற்றலின் வேறுபாடு. பூமியின் மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஈர்ப்பு விசை பூஜ்யம். கட்டுரையின்படி அங்கேதான் கடிகாரம் மிக வேகமாக ஓட வேண்டும். உண்மையில் தரையில் இருப்பதைவிட அங்கே மெதுவாக ஓடும். 2016இல் வெளிவந்த கணக்கின்படி, பூமி தோன்றிய நாளிலிருந்து அதன் மையம் மேற்பரப்பைவிட சுமார் இரண்டரை ஆண்டு ‘இளமையாக’ இருக்கிறது.

தரைக்கு அருகில் கணக்கு எளிது. ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றலான 9.8ஐ (ஜூல்) உயர வேறுபாட்டால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு நூறு கோடி கோடியில் 1.09 பங்கு வரும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் சுமார் 400 மீட்டர் வேறுபாடு என்று வைத்தால், ஓசூர் கடிகாரம் நாளொன்றுக்கு 3.8 நானோ வினாடி (நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கு) முந்தும். ஓர் ஆண்டில் 1.4 மைக்ரோ வினாடி (மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), எழுபது ஆண்டில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு வினாடி. கட்டுரையில் ‘நாளுக்கு 4 மைக்ரோ வினாடி’ என்று அச்சாகியிருப்பது ஆயிரம் மடங்கு அதிகம்.

உயரத்தை ஏன் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நிலநடுக்கோட்டில் உள்ள கடிகாரம் பூமியின் சுழற்சியால் வேகமாக நகர்வதால் துருவக் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் எழுதினார். ஈர்ப்பை விளக்கும் அவருடைய பொதுச் சார்பியல் அப்போது பிறக்கவில்லை. பூமி நடுவில் புடைத்திருப்பதால் நிலநடுக்கோட்டுக் கடிகாரம் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, அதனால் சற்று வேகமாக ஓட வேண்டும். அந்த ஆதாயமும் சுழற்சியால் வரும் இழப்பும் கடல்மட்டத்தில் ஈடாகிவிடுகின்றன. ஆகவே கடல்மட்டத்தில் எங்கே வைத்தாலும் கடிகாரங்கள் ஒரே வீதத்தில் ஓடும்.

அடுத்து, இரண்டு ஊசல் கடிகாரங்களை இரு ஊர்களிலும் வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை. இதைத் தயவுசெய்து யாரும் செய்துகாட்ட வேண்டாம். ஊசல் ஈர்ப்பு விசையால் ஆடுவது. விசை சற்றுக் குறைந்த ஓசூரில் அது நாளுக்கு மூன்று முதல் ஐந்து வினாடி பின்தங்கும். சார்பியல் சொல்வதற்கு நேர் எதிர்த் திசை, அளவோ அதைப்போல நூறு கோடி மடங்கு. போதாக்குறைக்கு, ஓசூரின் குளிர்ச்சியில் எஃகுத் தண்டு சுருங்கும். ஐந்து டிகிரி குறைந்தால் நாளுக்கு இரண்டரை வினாடி முந்தும். குவார்ட்ஸ் கைக்கடிகாரமும் உதவாது. மாதத்துக்குப் பதினைந்து வினாடி தவறுவது அதற்குச் சாதாரணம்.

இதை அளக்க சீசியம் அணுக்கடிகாரம் வேண்டும், அதிலும் எச்சரிக்கை வேண்டும். விற்பனைக்குக் கிடைக்கும் நல்ல சீசியம் கடிகாரத்தின் உத்தரவாதத் துல்லியமே பத்து லட்சம் கோடியில் ஐந்து பங்குதான். நாம் தேடும் வேறுபாடு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே ஒரு கடிகாரத்தை மேலே கொண்டுபோய் வைத்து எண்ணைப் படிப்பதால் பயனில்லை. முதலில் மூன்று நான்கு கடிகாரங்களைக் கிருஷ்ணகிரியில் ஒரே அறையில் ஒரு வாரமாவது ஓடவிட்டு, ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து நாளுக்கு எவ்வளவு விலகுகிறது என்று ஒரு நானோ வினாடி வரை காட்டும் நேர இடைவெளி அளவியால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டை மின்கலத்தில் ஓடியபடியே ஓசூருக்கு ஏற்றி ஒரு வாரம் வைத்தால் சுமார் 26 நானோ வினாடி சேரும். திரும்பக் கொண்டுவந்து, மறுபடி ஒரு வாரம் அதே அறையில் அளக்க வேண்டும். முதல் வார விலகலும் கடைசி வார விலகலும் ஒத்துப்போகவில்லை என்றால், வழியில் குலுங்கியோ வெப்பம் மாறியோ மின்சாரம் தடைப்பட்டோ கடிகாரமே மாறிவிட்டது என்று பொருள். அந்த முடிவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 2005இல் அமெரிக்காவின் ரெய்னியர் மலைக்கு ஒரு குடும்பம் மூன்று சீசியம் கடிகாரங்களைக் காரில் ஏற்றிப்போய், இரண்டு நாளில் இருபது சொச்சம் நானோ வினாடி வேறுபாட்டை இப்படித்தான் பிடித்தது.

கட்டுரையில் ஆழமான குழப்பம் ‘ஒரே நேரம்’ பற்றிய பத்தியில் இருக்கிறது. ஓசூரிலும் தருமபுரியிலும் ஒரே கணத்தில் விளக்கு எரிந்தால், ஓசூரில் நிற்பவருக்குத் தருமபுரி விளக்கு தாமதமாகத் தெரிவதுதான் சார்பியல் என்று எழுதப்பட்டுள்ளது. இல்லை. நேர்க்கோட்டில் சுமார் 75 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு 250 மைக்ரோ வினாடி ஆகிறது, அவ்வளவே. தூரத்தைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே நேரம் என்று அவரும் ஒப்புக்கொள்வார். ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் இடையே, ஓசூர்–தருமபுரி நடுப்புள்ளியில் நிற்பவருக்கு இரு ஒளியும் சேர்ந்தே வரும். சார்பியல் சொல்வது வேறு. ஓசூரிலிருந்து தருமபுரிக்கு மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் ரயிலில் இருப்பவர், ஒளி வந்த நேரத்தை எல்லாம் சரியாகக் கழித்த பிறகும், தருமபுரி விளக்கே முதலில் எரிந்தது என்பார். வேறுபாடு சுமார் 21 பிக்கோ வினாடி (பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஒளித் தாமதத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லாத இதுதான் ஐன்ஸ்டைன் சொன்னது.

இதே தெளிவு உயரக் கணக்குக்கும் தேவை. ஓசூரிலிருந்து வினாடிக்கு ஓர் ஒளித் துடிப்பு அனுப்பினால், கிருஷ்ணகிரிக்கு அது சுமார் 160 மைக்ரோ வினாடி தாமதமாக வரும். ஆனால் அந்தத் தாமதம் இன்றும் நாளையும் ஒன்றே, அது சேராது. நாளுக்கு 3.8 நானோ வினாடி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். தொடக்கத்தில் இரு கடிகாரங்களையும் ‘ஒரே நேரத்துக்கு’ எப்படி ஒத்திசைத்தோம் என்பது நாம் வகுத்துக்கொள்ளும் விதி. கிழக்கு மேற்காக ஒளித் துடிப்பு அனுப்பி ஒத்திசைக்கும்போது பூமி சுழல்வதைக் கணக்கில் எடுக்காவிட்டால் இந்த இரு ஊர்களுக்கே 0.2 நானோ வினாடி பிசகும். நிலநடுக்கோட்டைச் சுற்றி வந்தால் 207 நானோ வினாடி. கடிகாரங்களை மறுபடி ஒரே மேசையில் வைக்கும்போது தெரியும் வேறுபாடு எந்த விதியையும் பொறுத்தது அல்ல.

ஜி.பி.எஸ். பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. உயரத்தால் நாளுக்கு சுமார் 45.7 மைக்ரோ வினாடி முந்தி, வேகத்தால் 7.2 பிந்தி, மிச்சம் 38.5. இதற்காகவே செயற்கைக்கோள் கடிகாரத்தின் 10.23 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணை ஏவுவதற்கு முன்பே 10.22999999543 என்று குறைத்து வைக்கிறார்கள். நம் நாட்டின் சொந்த வழிகாட்டு அமைப்பான நாவிக்கின் கோள்கள் இன்னும் உயரே, சுமார் 36,000 கிலோமீட்டரில், மெதுவாகவும் சுற்றுவதால் அங்கே நிகர வேறுபாடு 46 மைக்ரோ வினாடிக்கு மேல் வருகிறது.

அடுத்த இதழில் 4 மைக்ரோ வினாடி என்பதை 4 நானோ வினாடி என்று திருத்தி, ஊசல் கடிகாரப் படத்தை நீக்கி வெளியிட்டால் கண்காட்சிக்குத் தயாராகும் மாணவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.