பணகுடி ஒண்ணு

மாப்ள,

உன் பெயரை எழுதவில்லை. எழுதினால் நம்ம செட் பையன்கள் அரை மணி நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டுவிடுவார்கள். எழுதாவிட்டாலும் போடத்தான் போகிறார்கள், அது வேறு.

போன வாரம் ஊருக்கு வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டீக்கடைச் சுவரில் போஸ்டர். ஐந்தாம் ஆண்டு நினைவஞ்சலி. காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, தோளில் தோல்பை. அந்தக் கோலத்தில் தாத்தாவை நான் பார்த்ததே இல்லை. நான் உங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தபோது அவர் கட்டிலோடு ஆகிவிட்டிருந்தார். கீழே பேரன்கள் வரிசையில் உன் பெயர் முதலில் இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் கையில் இருந்த டீ ஆடை கட்டிவிட்டது. குடிக்காமலே காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் உனக்கு எழுத ஆரம்பித்து நாலு தடவை அழித்தேன். இங்கே எழுதினால் அழிக்க மாட்டேன் என்று தோன்றியது. எல்லார் முன்னாலும் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்வதுதான் முறை என்றும் ஒரு நினைப்பு. 'இதுவும் ஒரு ஆக்டிங்தானே' என்று நீ கேட்பாய். கேள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

2019. பிளஸ் டூவுக்குப் புதுப் புத்தகம் வந்த முதல் வருஷம். சீனியர்களிடம் பழைய நோட்ஸ் வாங்கக்கூட வழியில்லை. அந்த ஷேக்ஸ்பியர் பாட்டு, உலகமே ஒரு நாடக மேடை, மனிதனுக்கு ஏழு பருவம், 28 வரி. பரீட்சைக்கு வருகிறதோ இல்லையோ, 28 வரியும் மனப்பாடமாக வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். நமக்கு ஏறவில்லை. கடைசியில் வரும் அந்த பிரெஞ்சு வார்த்தைக்கு 'இல்லாமல்' என்று பொருள் சொல்லி, பல் சான்ஸ், கண் சான்ஸ், ருசி சான்ஸ் என்று அவர் விளக்க, பின்பெஞ்சிலிருந்து ஒருவன் 'சான்ஸே இல்ல சார்' என்றான். அந்த ஒரு வரி மட்டும் வகுப்புக்கே மனப்பாடம் ஆனது. அதற்கு அப்புறம்தான் சாருக்கு அந்த யோசனை வந்தது. அவர் படிப்பார், ஏழு பேர் நடித்துக் காட்ட வேண்டும்.

மற்ற ஆறு பேரை விடு, உனக்கே நினைவிருக்கும். சாப்பாட்டுப் பையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நீதிபதியாக வந்தவனுக்குத்தான் அதுவரைக்கும் கைதட்டல் அதிகம். நான் ஏழாவது. ஒன்றுமே இல்லாதவனை எப்படி நடிப்பது? நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கொஞ்சம் நடுங்க வைத்தேன். வாயை உள்ளே இழுத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேருக்கும் சிரித்த வகுப்பு, எனக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தின பீரியடு, ஃபேன் சத்தம் மட்டும். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். அந்த இரண்டு மூன்று விநாடியை என்னால் தாங்க முடியவில்லை மாப்ள.

என் இடது கை தானாக விலாப் பக்கம் போனது. அங்கே இல்லாத பையைத் தடவியது. வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இல்லாத கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்தேன்.

"எங்கடே போணும்?"

முதல் பெஞ்சு அப்படியே சரிந்தது. சார் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார். நான் எழுந்து பெஞ்சு பெஞ்சாக வந்தேன். ஒருவன் நாங்குநேரி என்றான், ஒருவன் நியூயார்க் என்றான். எல்லாருக்கும் கிழித்துக் கொடுத்தேன். மூன்றாவது பெஞ்சில் நீ. உன்னைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. கேட்டேன், கிழித்தேன், நீட்டினேன்.

நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் கையை நீட்டி வாங்கினாய். வாங்கி, வீட்டில் செய்கிற மாதிரியே, சட்டைப் பையில் போட்டு மேலே ஒருமுறை தட்டிக்கொண்டாய். 'பணகுடி ஒண்ணு' என்று மட்டும் சொல்லவில்லை.

வகுப்பு அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான். நாம் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்து வந்திருக்கிறோம் என்றே நினைத்தார்கள். சார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியாது.

இத்தனை வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானத்தையும் எழுதிவிடுகிறேன். யாருடைய தாத்தா என்று நான் சொல்லவில்லை. இடைவேளையில் உங்கள் தெருப் பையன் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அதோடு, தாத்தாவை முதலில் எனக்குச் செய்து காட்டியது நீதான். உங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, விசில் ஊதி, 'ரைட் ரைட்' சொல்லி. வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கட்டைவிரலை நாக்கில் தொடுவதைக்கூட உன்னிடமிருந்துதான் கற்றேன். நீ செய்தால் பாசம், நான் செய்தால் பாவமா?

ஆமாம், அப்படித்தான். நீ மாடியில் சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப்போய் அவரைத் தூக்கி உட்கார வைப்பாய். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். தூக்கி உட்கார வைத்த பிறகு என்னென்ன செய்தாய் என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. எழுதிய மட்டிலும்கூட உண்டா என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நீ 'கண்டக்டர்' ஆனாய். அந்தப் பட்டப்பெயரை நான் வைக்கவில்லை. வைத்தவன் இதைப் படிப்பான், அவனுக்கும் குழந்தை பிறந்துவிட்டது, விட்டுவிடுவோம். ஆனால் நானும் ஒருநாள் கூப்பிட்டேன், கிரவுண்டில், பந்தை எடுத்துப் போடச் சொல்லி. 'வாய் தவறி வந்துவிட்டது' என்று இந்த இடத்தில் எழுதி வைத்திருந்தேன். இப்போது அடித்துவிட்டேன். வாய் தவறவில்லை. எல்லாரும் கூப்பிடும்போது நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்றுதான்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ என்னை ஒரு அறை விட்டிருக்கலாம். கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். ஒரு மாசம் ஒன்றுமே நடக்காத மாதிரி என் கேரியரில் உட்கார்ந்து வந்தாய். மழைக்கு ஒதுங்கினோம், பரோட்டா சாப்பிட்டோம். அப்புறம் ஒருநாள் டியூஷனை மாற்றிக்கொண்டாய், அதையும் வேறு ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரேஷன் கடை வரிசையில் உன் அம்மா என் அம்மாவிடம், "உங்க பையன் நல்லா நடிக்கானாமே" என்றார்கள். அவர்களும் இதைப் படிக்கக்கூடும், அதனால் அதற்கு மேல் நடந்ததை எழுதவில்லை. உன் அம்மாவிடம் சொல்லத் தெரிந்த உனக்கு என்னிடம் சொல்ல ஒரு மாசம் கிடைத்தது. நீ சொல்லவில்லை. டிக்கெட்டை வேறு வாங்கித் தொலைத்தாய். வாங்காமல் முகத்தைத் திருப்பியிருந்தால் நான் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன் என்று ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். நிறுத்தியிருப்பேனா என்று கேட்காதே.

தாத்தா போனது 2020 மே. சாவு வீட்டில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. "இருபது பேர்தான்மா, நாம போய் இடைஞ்சல் பண்ணக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். ஊரடங்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. இருந்தாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு உங்கள் தெரு முனை வரைக்கும் வந்தேன். நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. நீ வாசலில் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாய். திரும்பிவிட்டேன்.

நான் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்ததை நீ கேள்விப்பட்டு என்ன நினைத்தாயோ. அந்தக் கைதட்டல்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது, அதை மறைத்து என்ன? இரண்டாம் வருஷம் கல்லூரி நூலகத்தில் 'ஆஸ் யூ லைக் இட்' முழு நாடகத்தையும் எடுத்து உட்கார்ந்தேன். நமக்கு வந்த 28 வரி, இரண்டாம் அங்கம் ஏழாம் காட்சியில் இருக்கிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கும் தெரிந்திருக்காது, நீ அக்கவுன்ட்ஸ் பக்கம் போய்விட்டாய்.

ஆர்டன் காடு. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட டியூக் தன் ஆட்களோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ஆர்லாண்டோ என்று ஒரு பையன் கத்தியை உருவிக்கொண்டு வந்து, யாரும் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்கிறான். டியூக் சண்டைக்குப் போகாமல், 'உட்கார்ந்து சாப்பிடு தம்பி' என்கிற மாதிரி தன்மையாகப் பேசுகிறார். பையனுக்கு வெட்கமாகிவிடுகிறது. ஒரு கிழவர் என்னை நம்பி நடந்து வந்து பசியில் விழுந்து கிடக்கிறார், அவர் சாப்பிடாமல் நான் ஒரு வாய் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிவர ஓடுகிறான். அந்தக் கிழவர் பெயர் ஆடம். எண்பதை நெருங்கும் வேலைக்காரர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 500 கிரவுன் காசையும் பையன் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தவர்.

ஆர்லாண்டோ போய்த் திரும்புகிற அந்த இடைவெளியில்தான் ஜேக்விஸ் என்பவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி நம்முடைய 28 வரியைச் சொல்கிறான். பல் இல்லை, கண் இல்லை, ருசி இல்லை, ஒன்றுமே இல்லை என்று முடிக்கிறான். முடித்த அடுத்த நொடி மேடைக்கு என்ன வருகிறது தெரியுமா? ஆர்லாண்டோவும், அவன் தூக்கிக்கொண்டு வருகிற கிழவரும். டியூக் 'உன் சுமையை இறக்கு' என்கிறார். சுமை என்ற சொல்லுக்கு முன்னால் மரியாதையாக ஒரு அடைமொழி போடுகிறார். கிழவருக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நம்ம பாடப்புத்தகத்தில் 'ஒன்றுமே இல்லை'யோடு பாட்டு நின்றுவிடும், கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஜேக்விஸ் சொன்னதை நான் நடித்தேன். அடுத்து வர வேண்டியவன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கட்டிலிலிருந்து கொல்லைப்புறம் வரை தினம் இரண்டு வேளை அவரை நீ எப்படித் தூக்கிப்போவாய் என்று பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அந்த ஆடம் வேஷத்தை ஷேக்ஸ்பியரே போட்டார், இன்னொருவர் முதுகில் ஏறி மேடைக்கு வந்தார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. ஆதாரம் கிடையாது. எனக்கு அது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் தோன்றியது. ஜேக்விஸ் கிழவனைப் பற்றிப் பேசுகிறான், கிழவனிடம் பேசவில்லை. புறநானூற்றில் 243ஆம் பாட்டில் கிழவரே பேசுகிறார். மருத மரக்கிளையில் ஏறித் 'துடும்' என்று மடுவில் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிக் காட்டிய வயசு எங்கே போயிற்று என்று, தடியை ஊன்றிக்கொண்டு, இருமலுக்கு நடுவே கேட்கிறார். எழுதியவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, அந்தத் தடியை வைத்துத்தான் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். தாத்தாவும் பேசத்தான் செய்தார். 'எங்கடே போணும்' என்று ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது, அதையும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டார். பதில் சொன்னது நீ ஒருத்தன்.

இந்த வருஷம் பி.எட். பயிற்சிக்குப் போன பள்ளியில் எனக்கு இதே பாடம் வந்தது. நடிக்க வைக்கவில்லை. ஆடம் கதையைச் சொன்னேன். எல்லாம் கவனமாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒருவன் எழுந்து, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்றான். வராது என்றேன். பாதி நோட்டு மூடிவிட்டது. மூடாத நோட்டுக்காரன் ஒருவன் கிழவருக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டான். அந்தச் சாப்பாட்டுக் காட்சிக்குப் பிறகு ஆடம் நாடகத்தில் வரவே மாட்டார். ஏன் என்று நாடகத்தில் யாரும் சொல்வதில்லை. அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை இன்னும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். எழுதினால் கமெண்டில் வந்து எனக்குத்தான் ஆறுதல் சொல்வார்கள். அது வேண்டாம். நேரில் வந்து சொல்கிறேன், நீ கதவைத் திறந்தால்.

போஸ்டரைப் பார்த்துவிட்டு நாகர்கோவில் பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. தாத்தா டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் நீ சும்மா வாங்கமாட்டாய். வெறுங்கையைக் குவித்து அவர் உள்ளங்கையில் காசு வைப்பாய். அவர் எண்ணிப் பார்ப்பார், பையைத் தடவி மீதியை எடுப்பார், அதையும் நீ நின்று வாங்கிக்கொள்வாய். அன்றைக்கு வகுப்பில் என்னிடம் டிக்கெட்டை மட்டும்தான் வாங்கினாய். காசு கொடுக்கவில்லை.