சுவையை நிறுத்துங்கள், பிடிப்பவரைத் துரத்தாதீர்கள்: புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

கொழும்பில் பாமசி, பாடசாலை, இறக்குமதித் தீர்வை ஆகிய வேலைகளில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மெல்லும் புகையிலை, சுவையூட்டிய சிகரட், மின் சிகரட் ஆகியவற்றைத் தடுக்க 2016 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதியைத் திருத்தி எழுதுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அது பிடிக்கவேண்டியதைப் பிடிக்கவில்லை. திருத்தப் போனால் பிடிக்கக்கூடாதவர்களையும் சேர்த்துப் பிடித்துவிடுமோ என்ற பயமும் எங்களுக்கு இருக்கிறது.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அந்த ஒழுங்குவிதி மூன்று வகைப் பொருட்களைத் தடை செய்கிறது: புகையிலை சேர்ந்த, வாயிலிட்டு மெல்லும் கலவைகள், சுவையோ நிறமோ இனிப்போ ஏற்றிய, புகையிலை அடங்கிய சிகரட்டுகள், புகையிலை அடங்கிய மின் சிகரட்டுகள். ஓட்டை இருப்பது மூன்றாவதில்.

பாவித்துவிட்டு எறியும் ஒரு வேப்பை, அதாவது மின் சிகரட்டை, பிரித்துப் பாருங்கள். உள்ளே சின்ன லித்தியம் பற்றரி, உறிஞ்சும் காற்றை உணர்ந்து மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு சென்சர், சூடேறும் கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். அந்தத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், சுவையூட்டி, நிக்கொட்டின் நான்கும் உண்டு. புகையிலைத் தூள் ஒரு சிட்டிகைகூட இராது. “இதில் புகையிலை எங்கே இருக்கிறது?” என்று விற்பவரின் சட்டத்தரணி கேட்டால், நிக்கொட்டின் புகையிலை இலையிலிருந்துதான் எடுக்கப்பட்டது என்று வாதாட வேண்டியிருக்கும். ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்த நிக்கொட்டின் என்றால் அந்த வாதமும் நிற்காது. அமெரிக்காவில் இப்படியேதான் நடந்தது. 2020 ஜனவரியில், கருவியில் மாற்றிப் போடும் சுவையூட்டிய கார்ட்ரிஜ்களுக்கு எதிராக மட்டும் அங்கு நடவடிக்கை எடுத்தார்கள். சந்தை எறியும் வேப்புகளுக்குத் தாவியது. அவற்றையும் நெருக்கியபோது சில தயாரிப்பாளர்கள் செயற்கை நிக்கொட்டினுக்கு மாறினார்கள். நிக்கொட்டின் எங்கிருந்து வந்தாலும் சட்டத்துக்குள் அடங்கும் என்று அங்குள்ள காங்கிரஸ் 2022 மார்ச்சில் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்த வாசல் மூடியது.

ஆகவே முதல் திருத்தம் இது: “எந்த மூலத்திலிருந்து பெறப்பட்டதாயினும் நிக்கொட்டின் அடங்கிய, சூடாக்கி உள்ளிழுக்கும் எந்தத் திரவமும், அதற்கான எந்தக் கருவியும்” என்று எழுதுங்கள். சுங்கத்துக்கு இதனால் புதிய வேலை இல்லை. உலக சுங்க அமைப்பின் 2022ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில் கருவிக்கு 8543.40, எரிக்காமல் உள்ளிழுக்கும் புகையிலைப் பொருளுக்கு 2404.11, புகையிலை இல்லாத நிக்கொட்டின் பொருளுக்கு 2404.12 என்று ஏற்கெனவே தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஒழுங்குவிதி இந்தக் குறியீடுகளையே சுட்டிக்காட்டினால், கட்டுநாயக்க விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ நிற்கும் அதிகாரி பொருளின் பெயரை வைத்து வாதாடத் தேவையில்லை. “வாசனைத் திரவம்”, “எலெக்ட்ரோனிக் உதிரிப்பாகம்” என்று சரக்கை வேறு பெயரில் காட்டினால், அது தனிக் குற்றமாக நிற்கும்.

இனி இரண்டாவது திருத்தமான சுவைத் தடைக்கு வருவோம். “வயது வந்தவன் எதை உள்ளிழுத்தால் அரசுக்கு என்ன?” என்ற கேள்வியை நாங்கள் இலேசாகத் தள்ளிவிடவில்லை. தன் உடம்பைப் பற்றிய முடிவை ஒருவர் தானே எடுக்கவேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் தடவை புகை இழுப்பவருக்குத் தொண்டை எரியும், இருமல் வரும், தலை சுற்றும். அது உடம்பு தானாகச் சொல்லும் மறுப்பு. சுவையூட்டிய பொருள் முழுவதும் அந்த மறுப்பை அமுக்குவதற்காகவே செய்யப்படுகிறது. வெறும் நிக்கொட்டின் காரத்தன்மை கொண்டது, தொண்டையைக் கீறும். பென்சோயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக்கினால் கீறல் போய்விடும், அளவைக் கூட்டலாம். மெந்தோல், குளிரை உணரும் நரம்பைத் தட்டி எரிவை மறைக்கும். அதற்கு மேல் மாம்பழமோ தர்பூசணியோ மணத்தைக் கொடுக்கும். இந்த மூன்றும் சேர்ந்த பிறகு, வேண்டாம் என்று சொல்ல உடம்பிடம் ஒன்றும் மிஞ்சாது.

அளவையும் பாருங்கள். ஒரு சிகரட் உடம்பில் சேர்க்கும் நிக்கொட்டின் ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிகிராம். “5 வீதம்” என்று அச்சிட்ட 10 மில்லிலீற்றர் வேப் ஒன்றின் திரவத்தில் சுமார் 500 மில்லிகிராம் இருக்கும். அது முழுவதும் உடம்பில் சேராது என்பது உண்மை. ஆனால் சிகரட் எரிந்து முடிந்தால் கை நின்றுவிடும். வேப்புக்கு அப்படி முடிவு இல்லை. பிரித்தானியாவில் ஒரு கொள்கலத்துக்கு 2 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்று உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் 40 மில்லிகிராம்தான்.

இருபது வருடம் சிகரட் பிடித்த ஒருவருக்குத் தொடர்ந்து பிடிக்க மாம்பழச் சுவை தேவையில்லை. தொடங்குபவருக்குத்தான் அது தேவை. நமது சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதை ஏற்கெனவே தடுக்கிறது. சுவைத் தடை அதே எல்லையைப் பொருளுக்குள்ளேயே வைக்கிறது. இதில் வயது வந்தவருக்கு நட்டமே இல்லை என்று சொல்லமாட்டோம். சிகரட்டை விட்டு வேப்புக்கு மாறிய சிலர், புகையிலையை நினைவூட்டாத சுவை இருந்தபடியால்தான் மாற முடிந்தது என்கிறார்கள். அது நியாயமான பேச்சு. நிக்கொட்டின் வேப், நிக்கொட்டின் ஒட்டுப்பட்டையையும் சூயிங்கத்தையும் விடக் கூடுதலானவர்களைச் சிகரட்டிலிருந்து விடுவிக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வுகளும் 2022 முதல் சொல்கின்றன. அந்த நட்டத்துக்கு ஈடு கொடுக்கும் கடமை தடை போடுபவருடையது. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறோம்.

சுவை என்றால் எது என்று வரையறுக்கும் இடத்தில் பல நாடுகள் சறுக்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் “தனித்துத் தெரியும் சுவை” என்று எழுதி, 2020 மே 20 முதல் மெந்தோல் சிகரட்டையும் நிறுத்தியது. உடனே சுவை அட்டைகள் சந்தைக்கு வந்தன: மெந்தோல் ஊறிய சின்ன அட்டையைச் சாதாரண சிகரட் பெட்டிக்குள் செருகி வைத்தால் சிறிது நேரத்தில் பெட்டி முழுவதும் மெந்தோல். கலிபோர்னியாவில் 2022 டிசம்பரில் தடை வந்தது. மணமே இல்லாமல் குளிர்ச்சி மட்டும் தரும் இரசாயனம் சேர்த்த சிகரட்டுகள் “மெந்தோல் அல்ல” என்ற பெயரோடு வந்தன. குளிர்ச்சி உணர்வையும் சுவைக்குள் அடக்க 2024இல் அங்கு இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நாம் அந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கத் தேவையில்லை. மணம், ருசி, குளிர்ச்சி, கூச்சம் ஆகிய எந்த உணர்வையும் தரும் சேர்மானம் என்று ஒரே வரியில் எழுதுங்கள். வடிகட்டிக்குள் வைத்து நசுக்கும் குமிழ், அட்டை, தனியாக விற்கும் துளித் திரவம் எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். “தின்னப் பாதுகாப்பானதுதானே” என்ற வாதம் வரும். கறுவாவுக்கு மணம் கொடுக்கும் சினமல்டிஹைட் கறியில் ஒன்றும் செய்யாது. ஆவியாக உள்ளே போனால் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யும் நுண்மயிர்களின் அசைவைக் குறைக்கிறது. வயிற்றுக்குக் கொடுத்த அனுமதி நுரையீரலுக்குச் செல்லாது.

இப்போது எங்கள் பெரிய பயம். திருத்தம் வரும்போது “வைத்திருத்தல்” என்ற ஒரு சொல்லும் கூடவே நுழைந்துவிடலாம். பூட்டான் 2004இல் புகையிலை விற்பனையை முழுதாகத் தடை செய்தது. வரி கட்டிய பற்றுச்சீட்டு இருந்தால் கொஞ்சம் கொண்டுவரலாம் என்றார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டம் பற்றுச்சீட்டு இல்லாதவரைச் சிறைக்கு அனுப்பியது. சில டொலர் பெறுமதியான மெல்லும் புகையிலைக்காக ஓர் இளம் பிக்குவுக்கு 2011இல் மூன்று வருடச் சிறை கிடைத்தது. எதிர்ப்புக் கிளம்பி 2012இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். எல்லை தாண்டிய கடத்தலோடு கொவிட்டும் உள்ளே வருகிறது என்று 2021இல் விற்பனைத் தடையையே நீக்கிவிட்டார்கள். இங்கேயும் பையில் வேப்போடு பிடிபடும் பதினேழு வயதுப் பிள்ளையைப் பொலிஸ் பதிவேட்டில் ஏற்றினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை ஒளித்துத்தான் பிடிக்கும். ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ வாய் திறக்காது. தண்டனை இறக்குமதி, களஞ்சியம், விற்பனை, விளம்பரம் நான்கோடு நிற்கட்டும். சொந்தப் பாவனைக்கான ஒன்றிரண்டு குற்றமல்ல என்று வெளிப்படையாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் வீதியில் நிற்கும் அதிகாரி தன் இஷ்டப்படி தீர்மானிப்பார்.

விற்பனை என்று சொல்லும்போது, பெட்டிக்கடையை விட்டுவிட்டு வேப்பை மட்டும் துரத்துவது சரியல்ல. வெள்ளவத்தையிலோ மருதானையிலோ எந்தக் கடையிலும் சிகரட் ஒற்றையாகக் கிடைக்கும், பற்றவைக்க லைட்டரும் கயிற்றில் தொங்கும். பெட்டியின் 80 வீதத்தில் படத்தோடு எச்சரிக்கை போடவேண்டும் என்று 2015இல் சட்டம் திருத்தினோம். ஒற்றையாக வாங்குபவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. பையில் முழுப் பெட்டிக்குக் காசில்லாத மாணவனுக்கும் ஒன்று வாங்கக் காசு இருக்கும். சுவைத் தடை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இந்த வாசல் திறந்தே கிடக்கிறது. மூன்று மொழியில் பட எச்சரிக்கை இல்லாத பெட்டி கடத்தி வந்தது என்பதைப் பரிசோதகர் ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். ஒற்றையாகக் கையில் இருக்கும் சிகரட்டில் அதுவும் முடியாது.

மாவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த அந்தக் கலவை 2016இலிருந்தே தடை. இந்த நாட்டு ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வேப்புக்குக் கிடைக்கும் பத்திரிகைத் தலைப்பில் கால்வாசியாவது மாவா சோதனைக்குக் கிடைத்தால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் படுக்கைகள் கொஞ்சம் காலியாகும்.

மேலே சொன்ன ஈடு இதுதான். நிக்கொட்டின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் 2009இலிருந்து உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவும் பாமசிகளில் வரியில்லாமலும் கிடைக்கச் செய்யுங்கள். சூயிங்கத்துக்கு மிண்ட் சுவை உண்டு. சுவைத் தடையை அவசரமாக எழுதினால் மருந்தும் அதற்குள் அகப்படும். தேசிய மருந்துகள் ஒழுங்குமுறைப்படுத்தல் அதிகாரசபையில் பதிவான பொருளுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, பாவிக்கும் முறையையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். “சூயிங்கம் சாப்பிட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை” என்று பலர் சொல்வதற்குக் காரணம் முறை தெரியாததுதான். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் பல் முரசுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும்; காரம் குறைந்தால் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிக்கொட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். கோப்பி, தேசிக்காய்த் தண்ணீர், சோடா போன்றவை வாயைப் புளிப்பாக்கி உறிஞ்சலைத் தடுக்கும். அவற்றைக் குடித்தபின் சூயிங்கம் போட 15 நிமிட இடைவெளி வேண்டும். கடையில் பிளேன்ரீயும் சிகரட்டும் ஒன்றாகவே பழகிய நம்மவருக்கு இந்த ஒரு வரி மிக அவசியம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்கள் 1948 ஆலோசனை இலக்கத்தையும் அதே தாளில் போடுங்கள்.

கடைசியாக, பாடசாலைகளுக்கு அனுப்பும் சுவரொட்டிகள். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்கு வந்த கடும் நுரையீரல் நோயில் 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கிய காரணமாகக் கண்டது கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற். மாம்பழச் சுவை வேப் அல்ல. அந்த நோயாளிகளின் படங்களைப் போட்டு மிரட்டினால், தொலைபேசியில் இரண்டு நிமிடம் தேடும் மாணவி உங்கள் சுவரொட்டியில் மீதியிருக்கும் உண்மைகளையும் நம்பமாட்டாள். நிக்கொட்டின் அளவையும், அமிலம் சேர்த்துத் தொண்டையை ஏமாற்றும் விதத்தையும் அப்படியே எழுதுங்கள்.

திருத்த வரைபை வர்த்தமானிக்கு அனுப்பும் முன் மும்மொழியிலும் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரிக்கு வரி வாசித்து எழுத்தில் பதில் தருவோம்.

இவ்வண்ணம்,
கொழும்பிலிருந்து, பாமசி, பாடசாலை, சுங்கத் தீர்வைப் பணிகளில் உள்ளோர்