ஹாப்பலுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, கால்பந்தை மாற்றிய பயிற்சியாளர்களைப் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நல்ல கட்டுரைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எர்ன்ஸ்ட் ஹாப்பலுக்கு அதில் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் 1978 உலகக் கோப்பை இறுதியில் தோற்ற டச்சு அணியின் ஆஸ்திரியப் பயிற்சியாளர் என்று. படித்ததும் சுருக்கென்றது, அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அவரைத் தெரியாமல்தான் இருந்தது. 2008 யூரோ இறுதி ஆட்டம், நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டே காலுக்கு, ஸ்பெயினும் ஜெர்மனியும். டோரஸ் அடித்த அந்த ஒற்றை கோலைவிட எனக்கு நினைவில் தங்கியது வியன்னாவில் அந்த மைதானத்தின் பெயர்தான், எர்ன்ஸ்ட் ஹாப்பல் ஸ்டேடியம். யாரப்பா இந்த ஹாப்பல், அரசியல்வாதியா, பணம் கொடுத்த புரவலரா என்று தேட ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

உங்கள் கட்டுரை டோட்டல் ஃபுட்பாலை, அதாவது எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடும் அந்த டச்சு பாணியை, பயிற்சியாளர் ரினஸ் மிக்கெல்ஸ், ஆட்டக்காரர் யோஹான் க்ரைஃப் என்ற இரண்டு பெயர்களுக்குள் அடைத்துவிட்டது. மிக்கெல்ஸின் டச்சு கிளப் அயாக்ஸ், 1969 ஐரோப்பியக் கோப்பை (கிளப்புகளுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியில் ஏ.சி. மிலனிடம் 4-1 என்று உதை வாங்கியது. அடுத்த பருவத்திலேயே அதே மிலனை, நடப்புச் சாம்பியனை, இரண்டாவது சுற்றில் வெளியேற்றிய டச்சு அணி எது தெரியுமா? ராட்டர்டாமின் ஃபெயனூர்ட். அதன் பயிற்சியாளர் ஹாப்பல். முதல் ஆட்டத்தில் 0-1, சொந்த ஊருக்குத் திரும்ப வந்து 2-0, கூட்டினால் 2-1. அப்புறம் 1970 மே 6 அன்று மிலனின் சான் சீரோ மைதானத்திலேயே இறுதி ஆட்டம், எதிரே ஜாக் ஸ்டெய்னின் செல்டிக். ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று ஊரே சொன்னது. முதல் கோலும் அவர்களுடையதுதான், டாமி கெம்மல் அடித்தது. இரண்டே நிமிடத்தில் ஃபெயனூர்ட்டின் கேப்டன், தற்காப்பு ஆட்டக்காரர் ரினஸ் இஸ்ரேல் தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், ஆட்டம் முடிய மூன்று நான்கு நிமிடமே இருக்கும்போது, ஊவே கிண்ட்வால் 2-1 ஆக்கினார். நெதர்லாந்துக்கு வந்த முதல் ஐரோப்பியக் கோப்பை அது. அயாக்ஸ் அதை வென்றது அடுத்த ஆண்டுதான். மிக்கெல்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அந்த ஃபெயனூர்ட் நடுக்களத்தில் மூன்று பேரை நிறுத்தி 4-3-3 ஆடியது. எதிராளியிடம் பந்து போன கணத்திலேயே மேலே ஏறி நெருக்குவது, பின்வரிசை முழுக்க ஒரே கோடாக முன்னே நகர்ந்து ஆஃப்சைடில் சிக்கவைப்பது, இதெல்லாம் ஹாப்பலின் கையெழுத்து. இன்றைக்கு 'பிரஸ்ஸிங்' என்று கமெண்டரியில் நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்கிறார்களே, அதையே தொழிலாக வைத்திருந்த மனிதர். இது ஒரு டிஃபெண்டரின் மூளையிலிருந்துதான் வந்திருக்க முடியும் என்பது என் கட்சி. தன் கோலுக்குப் பக்கத்தில் நின்று உதைபட்டுக்கொண்டே இருந்தவனுக்குத்தான் ஆட்டத்தை அங்கிருந்து ஐம்பது கெஜம் தள்ளி நடத்த வேண்டும் என்று தோன்றும்.

ஆட்டக்காரராக அவர் எப்படி என்று கேட்டால், அது தனிக் கதை. பாட்டியிடம் வளர்ந்த வியன்னாப் பையன், ராப்பிட் வியன்னாவின் நடுத் தற்காப்பு ஆட்டக்காரர், ஆஸ்திரியாவுக்காக 51 ஆட்டங்கள். 1954 உலகக் கோப்பைக் கால் இறுதியில் சுவிட்சர்லாந்திடம் 0-3 என்று பின்தங்கி அப்புறம் 7-5 என்று ஜெயித்த ஆஸ்திரிய அணியில் அவர் இருந்தார், இன்றுவரை உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் அதிக கோல் விழுந்தது அதில்தான். அரை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 6-1 என்று நொறுங்கிய அணியிலும் இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எனக்குப் பிடித்தது 1956 நவம்பர் 14. எதிரே டி ஸ்டெஃபானோவின் ரியால் மாட்ரிட், நடப்பு ஐரோப்பியச் சாம்பியன். மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் 4-2 என்று தோற்றுவந்த ராப்பிட், வியன்னாவில் இடைவேளைக்குள் 3-0 என்று முன்னே போனது. மூன்று கோலையும் அடித்தவர் ஹாப்பல். ஒரு டிஃபெண்டர், ரியால் மாட்ரிட்டுக்கு எதிராக ஹாட்ரிக், ஃப்ரீ கிக்கிலும் பெனால்ட்டியிலும்! இரண்டாம் பாதியில் டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பிப் போட, மொத்தம் 5-5. மொத்தம் சமமானால் எதிரணியின் ஊரில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதி அப்போது கிடையாது, இருந்திருந்தால் ரியால் அன்றே மூட்டை கட்டியிருக்கும். மூன்றாவது ஆட்டத்தையும் மாட்ரிட்டிலேயே ஆட ராப்பிட் நிர்வாகம் சம்மதித்து, அதில் 2-0 என்று தோற்றது. ஐந்து கோப்பைகளைத் தொடர்ச்சியாக வென்ற அந்த ரியால், இரண்டாவதிலேயே ஒரு வியன்னா டிஃபெண்டரின் காலில் தடுக்கி விழப் பார்த்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பயிற்சியாளரான பிறகும் அந்தக் கால் மறக்கவில்லை போலிருக்கிறது. புது அணிக்குப் போன முதல் நாள் கோல்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் ஒரு காலி டப்பாவை வைத்து, தூரத்திலிருந்து ஒரே உதையில் விழ வைத்துவிட்டு, இப்போது நீங்கள் என்று ஆட்டக்காரர்களைப் பார்ப்பாராம். எந்த ஊர், என்ன டப்பா என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது, கொஞ்சம் மசாலாவும் இருக்கலாம். மற்றபடி மனிதர் சிடுமூஞ்சி. ஓயாத சிகரெட், சீட்டாட்டம், நிருபர்களிடம் முறைப்பு. பேச்சு குறைவு, பேசினாலும் வியன்னா ஜெர்மனும் டச்சும் கலந்த ஒரு பாஷை. தன்னைத் தானே விற்றுக்கொள்ளத் தெரியாதவர் என்பதும் அந்த ஒரு வரிக்குக் காரணமாக இருக்கலாம்.

சரி, தோல்விக்கு வருவோம், நீங்கள் தொட்டது அதைத்தானே. 1978 மே 10, வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி, லிவர்பூல் 1-0, டால்கிளிஷ் கோல். தோற்ற அணி பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஹா, பயிற்சியாளர் ஹாப்பல். அவரிடம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெல்ஜிய லீக்கை வென்ற அணி, அரை இறுதியில் இத்தாலியின் யுவென்டஸைச் சாய்த்துவிட்டு வந்த அணி. ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு வேறு எந்த பெல்ஜிய கிளப்பும் இன்றுவரை போனதில்லை. அது முடிந்து 46 நாளில் புவனஸ் ஐரிஸில் உலகக் கோப்பை இறுதி. க்ரைஃப் இல்லாத டச்சு அணி, முதல் சுற்றில் ஸ்காட்லாந்திடம் தோற்றுத் தட்டுத்தடுமாறி வந்தது, இரண்டாவது சுற்றில் ஹாப்பலின் சொந்த ஆஸ்திரியாவையே 5-1 என்று அடித்தது. இறுதியில் 1-1 என்று இருக்கும்போது தொண்ணூறாவது நிமிடத்தில் ரென்சன்பிரிங்க் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் உங்கள் கட்டுரையில் ஹாப்பலுக்கு இரண்டு பக்கம் கிடைத்திருக்கும், படத்தோடு! கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா 3-1.

தோற்றதோடு கதை முடியவில்லை. 1981இல் ஹாம்பர்க் போனார். 1982, 1983 இரண்டு ஆண்டும் ஜெர்மன் லீக் பட்டம், இடையில் தொடர்ந்து 36 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை, அந்தச் சாதனையை பயர்ன் மியூனிக் தாண்ட 2013 வரை ஆனது. 1983 மே 25, ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதி, எதிரே மறுபடியும் யுவென்டஸ். சோஃப், ஜென்டிலே, ஷிரேயா, ரோசி என்று முந்தைய ஆண்டு உலகக் கோப்பை வென்ற இத்தாலியர்கள் ஆறு பேர், போதாததற்கு பிரான்சின் பிளாட்டினியும் போலந்தின் போனியெக்கும். ஹாப்பல் செய்தது இது: வுல்ஃப்காங் ரோல்ஃப் என்ற ஆட்டக்காரரைப் பிளாட்டினியின் நிழலாக ஒட்டவைத்தார். ஒன்பதாவது நிமிடத்தில் ஹாம்பர்க்கின் மகாட் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார், அதோடு முடிந்தது, 1-0. இரண்டு வெவ்வேறு கிளப்புகளோடு ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் பயிற்சியாளர் ஹாப்பல்தான். ஹிட்ஸ்ஃபெல்ட், மொரீன்யோ, அன்செலோட்டி, குவார்டியோலா எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். பிறகு ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் வென்ற 1989, 1990 லீக் பட்டங்களையும் சேர்த்தால் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா என்று நான்கு நாட்டில் லீக் சாம்பியன். ஃபெயனூர்ட் அதற்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பையைத் தொடவில்லை, ஹாம்பர்க் ஜெர்மன் பட்டத்தையே 1983க்குப் பின் பார்க்கவில்லை. பெரிய கிளப்பில் உட்கார்ந்துகொண்டு ஜெயிப்பவர்களோடு இவரை எப்படி ஒப்பிடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக 1992இல் ஆஸ்திரிய தேசிய அணி. 1990இல் குட்டித் தீவுக்கூட்டமான ஃபாரோவிடம் 0-1 என்று தோற்று மானம் போயிருந்த அணி அது. நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது, முகத்தில் தெரிந்தது, இருந்தும் பெஞ்சை விடவில்லை. அக்டோபர் 28 அன்று இஸ்ரேலை 5-2 என்று வென்றார்கள், அதுதான் அவர் கடைசியாக நடத்திய ஆட்டம். நவம்பர் 14 அன்று, அந்த ரியால் மாட்ரிட் ஹாட்ரிக் நடந்த அதே தேதியில், 66 வயதில் காலமானார். நான்கு நாள் கழித்து நியூரம்பர்க்கில் உலகச் சாம்பியன் ஜெர்மனியோடு ஆட்டம். ஆஸ்திரிய பெஞ்சில் அவருடைய தொப்பியை வைத்துவிட்டு ஆடினார்கள். 0-0.

அடுத்த பட்டியல் போடும்போது அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நீட்டுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்