துருக்கித் தொப்பியின் கதை

ஐயா,

தாத்தா காலத்துப் புகைப்படங்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி அணிந்திருப்பார்கள். சீர்திருத்தத்தின் அடையாளமாகப் பரவிய தொப்பி அது. 1826இல் ஜானிசரி என்ற பழைய காலாட்படையைக் கலைத்த துருக்கியின் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மகமூத், 1829இல் அரசு அலுவலர்கள் தலைப்பாகையை விட்டு இதை அணிய வேண்டுமென்று உத்தரவிட்டார். 1908இல் பெயரளவில் சுல்தானுக்கு உரியதாக இருந்த போஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொண்டதும், ஆஸ்திரியாவில் தயாரான தொப்பிகளைத் துருக்கி மக்கள் எதிர்ப்பாகக் கழற்றி எறிந்தார்கள். அப்புறம் 1925இல் துருக்கிக் குடியரசின் முதல் அதிபர் முஸ்தபா கமாலின் ஆட்சி அதையே பழமையின் சின்னமென்று தடைசெய்து, விளிம்பு வைத்த ஐரோப்பியத் தொப்பியைச் சட்டமாக்கியது. எதிர்த்துக் கிளம்பியவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு தொப்பிக்காக உயிர் போனதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் ஊர்ப் பழைய தொப்பிப் படங்களையும் ஞாயிறு இதழில் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை