பனிப்பொழிவு நின்ற பிறகும் பனிச்சரிவு எச்சரிக்கை தொடர வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: குளிர்கால மலைப்பாதைகளில் தினசரி பனிநிலை அறிக்கை வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குளிர்காலத்தில் மலையேறுகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது 'கடும் பனிப்பொழிவு' என்ற வானிலை எச்சரிக்கை மட்டுமே. பனி நின்றதும் அதையும் விலக்கிக்கொண்டு பாதையைத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் ஆபத்து அப்போது விலகுவதில்லை. புதுப்பனியின் பாரம் பழைய பனிமேல் அப்படியே கிடக்கிறது. காற்று வேறு, முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கம் குவிக்கிறது. அடியில் சர்க்கரை போல் உதிரும் படலம் இருந்தால், ஒருவர் கால் வைத்தாலே மேலுள்ள பாளம் மொத்தமாகப் பெயர்ந்துவிடும். உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, சிக்கியவரோ உடன் வந்தவரோ மிதித்துக் கிளப்பியவைதான்.

கடந்த குளிர்காலத்தில் இதை நேரில் கண்டேன். இரண்டு நாள் பனிக்குப் பிறகு வானம் பளிச்சென்று வெளுத்த காலை. சோதனைச் சாவடியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி நேரம் நடந்திருப்போம். காலடியில் 'தொம்' என்று அமுங்கிய சத்தம். முன்னால் போனவரின் பூட்ஸ் அருகிலிருந்து ஒரு விரிசல் முப்பதடி தூரம் ஓடியது. ஏறக்குறைய சமதளம் என்பதால் பிழைத்தோம். பாளப்பனி அதிகம் பெயர்வது 30 முதல் 45 பாகைச் சரிவுகளில். அப்படியொரு சரிவு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. வழிகாட்டி ஒரு வார்த்தை பேசாமல் எங்களைத் திருப்பிக் கூட்டிவந்தார். சாவடியில் நாங்கள் கேட்டிருந்தாலும் சொல்வதற்கு அவர்களிடம் தகவல் இல்லை.

கவனமில்லாதவர்கள்தான் சிக்குவார்கள் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவுக்குப் பலியானவர்கள் மலையேற்றப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய பயிற்றுநர்களும்.

ஆகவே, பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குளிர்காலம் முழுவதும் தினமும் காலையில் பனிச்சரிவு அபாய அறிக்கை வெளியாக வேண்டும். பல நாடுகளில் உள்ள, 1 (குறைவு) முதல் 5 (மிக அதிகம்) வரையிலான 5 நிலை அபாய அளவுகோலையே பின்பற்றலாம். எண்ணை மட்டும் எழுதினால் போதாது. 3 என்று பார்த்ததும் நடுத்தரம்தானே என்று ஏறிவிடுவார்கள்; உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான் நேர்கிறது. எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவு, என்ன காரணம் என்று பாதை தொடங்கும் இடத்துப் பலகையில் தெளிவாக எழுத வேண்டும். இதற்குப் பனியில் குழி தோண்டிப் படலங்களைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை. உள்ளூர் வழிகாட்டிகளுக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம்.

இன்னொன்று: புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடிவாரத்திலிருந்து மீட்புக் குழு வரும்வரை அந்த உயிர் காத்திருக்காது; தோண்டவேண்டியவர்கள் உடன் வந்தவர்களே. எனவே சுமைதூக்குவோர் உட்பட ஒவ்வொருவரிடமும் புதைந்தவர் இருக்குமிடத்தைச் சமிக்ஞையால் காட்டும் பீக்கன் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் துழாவுகம்பி, தோண்ட மண்வாரி மூன்றும் இருந்தால் மட்டுமே குளிர்கால அனுமதிச் சீட்டு தரவும், இல்லாதவர்களுக்குச் சாவடியிலேயே வாடகைக்குக் கிடைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

வரும் பனிக்காலம் தொடங்கும் முன்பே உரிய உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையேற்றக் குழு உறுப்பினர்