மலபார் புனுகுப்பூனை: கூடலூர் உறுப்பினர்களின் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை நாடுகாணிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், புதர் மறைவில் கட்டப்பட்டிருந்த பழைய கிளட்ச் கம்பிச் சுருக்கு ஒன்றைக் கண்டு வனத்துறையினருக்குத் தெரிவித்தோம். அதன் முடிச்சில் சாம்பல் நிற மயிர் சிறிது ஒட்டியிருந்தது. காட்டுப்பன்றிக்காக வைப்பதாகச் சொல்லப்படும் இந்தச் சுருக்கு, இரவில் தரையோடு நடமாடும் எந்த விலங்கையும் விட்டுவைப்பதில்லை என்பதே நம் வேதனை.

அப்படி இரவில் தரையில் நடமாடும் விலங்குகளில் ஒன்றுதான் மலபார் புனுகுப்பூனை. மலைக்குக் கீழே கேரளத்தின் நிலம்பூர் அருகே 1987இல் அதன் தோல்கள் கிடைத்தன. முதிர்ந்த விலங்குகள் 250க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கலாம் என்று கணித்து, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. பின்னர் நடந்த தானியங்கிக் கேமரா ஆய்வுகளிலும் அது அகப்படவில்லை.

நம் தோட்டங்களுக்கு வந்துபோகும் சிறு புனுகுப்பூனையையும் மரநாயையும் அதுவென்று எண்ணிவிட வேண்டாம். மலபார் புனுகுப்பூனை உருவில் பெரியது. உடலில் பெரிய கரும்புள்ளிகளும், முதுகுத்தண்டு நெடுகச் சிலிர்த்து நிற்கக்கூடிய கருமயிர் வரிசையும், கழுத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் கொண்டது.

சுருக்கைக் கண்டால் படமெடுத்து வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். இத்தகைய விலங்கு தென்பட்டாலோ, சாலையில் அடிபட்டுக் கிடந்தாலோ, வேட்டைக்காரர் கண்ணில் படாதிருக்க இடத்தின் பெயரைக் குழுவில் பதிவிடாமல் நிர்வாகிகளுக்குத் தனியே அனுப்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.