டி டிரைவில் போட்டால் பத்திரமா?

ஆசிரியருக்கு,

புதுக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, ஈ என்று கூறுபோட்டுத் தருவது நம் ஊர்க் கடைகளில் இன்னும் நடக்கிறது. சி டிரைவுக்கு 80 ஜிபி மட்டும் ஒதுக்கினால் விண்டோஸும் அப்டேட்டுகளுமே சீக்கிரம் அதை நிரப்பிவிடும், அப்புறம் விண்டோஸில் டிரைவுகளைப் பிரிக்க, மாற்ற உதவும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், டிரைவைப் பெரிதாக்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிக் கிடக்கும், ஏனென்றால் சி-யை ஒட்டி வலப்பக்கம் காலி இடம் இருந்தால்தான் அது வேலை செய்யும், டி-யைச் சுருக்கினால் கிடைக்கிற இடமோ டி-க்கு அந்தப் பக்கம் போய் நிற்கும்.

இதைவிட மோசம், போட்டோக்களை டி-யில் வைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கை. விண்டோஸை மறுபடி நிறுவும்போது தப்பிக்கும், சரி. டிஸ்க்கே செத்தால்? எல்லா டிரைவும் சேர்ந்தேதான் போகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி, அதுவும் 500 ஜிபி என்றால் பிரிக்கவே வேண்டாம், அதற்குப் பதில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிப் பிரதி எடுத்து வையுங்கள்.

ஒரு வாசகர், மதுரை